கேள்விக்கு முந்தும் விடை

மார்ச் 4
இல்லை, சோம்பல் இல்லை. சோம்பேறிக்கு உட்கார்ந்தால் தூக்கமாவது வரும். எனக்கு ஒன்றுமே வருவதில்லை. காலையிலிருந்து சிறுநீரகப் படம். கண்ணை மூடிக்கொண்டே வரைவேன். வரைந்து?

மருத்துவ நுழைவுத் தேர்வு, மூன்றாம் முறை. மே 2. "இதான் கடைசி. இல்லேன்னா கிடைச்ச படிப்புல சேரு" என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மார்ச் 7
தங்கைக்கு இது முதல் முறை. இருவருக்கும் ஒரே மேசை. அவள் காலை ஆட்டினால் என் எழுத்து கோணுகிறது.

"கால ஆட்டாதடி."

"ஆட்டினாத்தான்க்கா மண்டைல ஏறுது."

அவளுக்கு ஏறுகிறது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 11
மாதிரித் தேர்வில் 668. எண்ணூறுக்கு. போன வருடம் 602 வாங்கியவர்கள் வரைக்கும் இடம் கிடைத்தது. அப்போது நான் 531.

பயிற்சி மையத்து இயற்பியல் ஆசிரியர் என் தாளைத் தூக்கிக் காட்டினார். எங்களுக்கு அவர் மைனஸ் சார். "தெரியலைன்னா தொடாத, மைனஸ் விழும்" என்று நாளுக்கு நூறு தரம் சொல்வார். இன்று, "பாத்தீங்களா? அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்."

மையத்தில் மொத்தம் முப்பது மாதிரித் தாள்கள். முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. எனக்கு இது எத்தனையாவது சுற்று? எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 12
அப்பா தான் வேலை பார்க்கும் பேருந்துப் பணிமனை முழுக்க என் 668ஐச் சொல்லிவிட்டார். மெக்கானிக் ஒருவர் தன் முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். அப்பா அதை என்னிடம் சிரிக்காமல் கேட்டார்.

மார்ச் 15
நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தங்கை பதினேழாம் தாளை உரக்கப் படித்தாள். "சாய்தளத்தில் ஓய்வு நிலையிலிருந்து ஒரு பொருள்—"

"மூணாவது," என்றேன்.

"அக்கா, நான் இன்னும் கேள்வியே முடிக்கல."

சிரித்தாள். அடுத்தது. "இரத்தத்தில் கரியமில வாயுவின்—"

"முதலாவது."

இப்போது சிரிக்கவில்லை. "ஏன் முதலாவது?"

வாயைத் திறந்தேன். காரணம் வரவில்லை. தாளின் கடைசிப் பக்கத்து விடைப்பட்டியல்தான் கண்ணுக்குள் வந்தது, ஓரத்துக் காபிக் கறையோடு.

மூன்று வருடமாக நான் படித்தது அந்தப் பக்கத்தைத்தானா?

மார்ச் 18
தங்கை மூன்று நாள் உட்கார்ந்து ஒரு தாள் முழுவதையும் மாற்றி எழுதினாள் — எண்களை, விடைகளின் வரிசையை. எழுதிப் பார்த்தேன். 472.

"கேவலமா இருக்குடி."

"உன் அறுநூத்தி அறுபத்தெட்டப் பாத்து நான் ராப்பகலா பயந்தேனே, அது அதவிடக் கேவலம்."

மார்ச் 19
படிக்கவில்லை.

மார்ச் 20
மைனஸ் சாரிடம் போனேன். "சார், விடை ஞாபகம் இருக்கு. விஷயம் தெரியல."

"ஞாபகம் இருக்குல்ல? அப்புறம் என்னம்மா? ஓடுற குதிரைய எதுக்குப் பிடிச்சு நிறுத்தறே?"

குதிரை நின்ற இடத்திலேயே ஓடுகிறது என்று சொல்லத் தோன்றியது. தேர்வுக்கு இன்னும் நாற்பத்து மூன்று நாள். அத்தனை நாளும் 660, 670 என்று வாங்கிக்கொண்டே போகலாம். சந்தோஷமாக. பரீட்சை அறை வாசல் வரைக்கும்.

மார்ச் 23
மையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அப்பாவிடமும் சொன்னேன். நானூற்றுச் சொச்சம் என்றதும் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அப்போ பணிமனைல நான் சொன்னது?"

"தப்பாச் சொல்லிட்டீங்கப்பா."

"நான் எங்க சொன்னேன்? நீ சொன்னதத்தான் சொன்னேன்."

சரிதான்.

ஏப்ரல் 2
ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் புத்தகம். விசை என்றால் என்ன. இருபது வயதில்.

சரியான விடையைச் சொன்னால் போதாது, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்றும் சொல்ல வேண்டும். தங்கை போட்ட சட்டம். ஒரு கேள்விக்கு நாற்பது நிமிடம் ஆனது. புத்தகத்தை வீசினேன்.

"நல்லா வீசு. எவ்வளவு வேகம், எங்க போய் விழும், அதையும் சொல்லு."

அறையலாம் போல இருந்தது. கணக்குப் போட்டேன். தப்பு.

ஏப்ரல் 9
தங்கை மாற்றி எழுதிய அடுத்த தாளில் 505.

ஏப்ரல் 17
498. குறையுது. இவ்வளவு பண்ணியும் குறையுது. எதுக்கு டாக்டராகணும்னு ஆசைப்பட்டேன்? யோசிச்சுப் பாத்தேன். மறந்துபோச்சு. நிஜமாவே.

தங்கையிடம் கேட்டேன். "எனக்கு என்ன தெரியும்? நீ ஆசைப்பட்டேன்னு நான் ஆசைப்பட்டேன்," என்றாள்.

இதை அவள் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?

ஏப்ரல் 28
566. போதாது.

மே 2
பதினாறு கேள்விகளைத் தொடவில்லை. போன வருடம் ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

தங்கைக்கு வேறு பள்ளியில் தேர்வு. என் பள்ளி வாசலில் அப்பா நின்றிருந்தார். "எப்படி?"

"பதினாறு தெரியாதுப்பா."

"மத்ததெல்லாம்?"

"போட்டேன்."

பேருந்தில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

ஜூன் 11
எனக்கு 607. தங்கைக்கு 559.

எனக்காகத் தாள் தாளாக மாற்றி எழுதியதில் அவளுக்குப் போன நாட்களை விரல்விட்டு எண்ணினேன். பார்த்துவிட்டாள். "எண்ணாத," என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

ஜூலை 3
மருத்துவக் கல்லூரியில் சேர எட்டுப் புகைப்படம் கேட்டிருக்கிறார்கள். கிளம்பும்போது தங்கை வந்து என் காலரை இழுத்துச் சரிசெய்தாள். மூன்று வாரத்தில் முதல் பேச்சு:

"பல்லக் காட்டாத. சிரிச்ச மூஞ்சின்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

"நீயும் வாயேன்டி."

"நான் படிக்கணும்."

தனியாகப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.