மளிகைக்காரர் கலந்த விஸ்கி

செஞ்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரம்மிக்கு நைனா எழுதுவது. அருகன் அருளால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், ஸ்காட்லாந்துக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். இந்த வருஷம் வேர்க்கடலை பரவாயில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. விஸ்கி கலக்கும் கம்பெனியில் நிரந்தரமாகச் சேரட்டுமா, நைனா வேண்டாமென்றால் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று முந்தாநாள் கேட்டிருந்தாய். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நான் அடித்த கூத்தைக் கேள். போன வாரம் நீ போனில் அந்த ஊர்ச் சரித்திரத்தை ஆரம்பித்தாய். அந்தக் காலத்து மளிகைக்காரர்கள் பல தோட்டத்து டீத்தூளைக் கலந்து, எப்போது வாங்கினாலும் ஒரே ருசியாக இருக்கும்படி விற்றார்கள், அந்தக் கைப்பக்குவத்தில் வந்ததுதான் என் வேலையும் என்றாய். நம் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டுமே என்ற அவசரத்தில் நான் போனை வைத்துவிட்டேன். நானும் காபித்தூளில் சிக்கரி கலந்து விற்கிற மளிகைக்காரன்தானே, மகள் சீமையில் டீ கலக்கிறாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சிங்கவரம் கன்னியப்பன், இன்னா அண்ணே, இனிமே டீத்தூள் சீமையிலேருந்து வந்து எறங்குமா என்று கிண்டலடித்தான். கோயில் கமிட்டி ரிஷபன், மகாவீரர் ஜெயந்தியன்று மேடையில் உன் பெயரைச் சொல்லி எனக்குச் சால்வை போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்தால் அம்மா முகமே சரியில்லை. மீதிச் சரித்திரத்தை நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். விஸ்கி பீப்பாய்க்கு ஒரு ருசியாக முரட்டுத்தனமாக இருந்ததாம், அயர்லாந்துக்காரர் ஒருவர் சாராயத்தை நிறுத்தாமல் வடித்துக்கொண்டே இருக்கும் உலையைச் செம்மைப்படுத்தியதும் தானியத்தில் லேசான சரக்கு மலிவாக வந்ததாம், சட்டமும் இடம் கொடுக்க அந்த மளிகைக்காரர்கள் இரண்டையும் கலந்து ஒரே ருசிக்குக் கொண்டுவந்தார்களாம், பிரான்சில் பூச்சி விழுந்து திராட்சைக் கொடி பட்டுப்போய் பிராந்தி கிடைக்காதபோது இவர்கள் சரக்கு உலகமெல்லாம் போனதாம். வியாபாரியாக எனக்கு அது நன்றாகவே புரிகிறது. ஆனால் புளிக்கவைப்பதில் கணக்கில்லாத உயிர் சாகிறதே, நாமோ உயிர்க்கொலைக்கு அஞ்சித் தேனைக்கூடத் தொடாத சமணர்கள். எனக்குக் கோபம் வந்தது, அதைவிட வருத்தம் அதிகம். தேனே தொடாத வீட்ல பொறந்துட்டு இந்த வேலையா என்று அம்மா அழுதாள், அழுது முடித்து, அங்க ஸ்வெட்டரு இருக்குதான்னு கேளுங்க என்றாள்.

சால்வையை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. மனசு ஒப்பவில்லை. ரிஷபன் வீட்டுக்குப் போய், டீ இல்லை, விஸ்கி என்று சொன்னேன். அவர், அப்ப மேடை வேணாம், பொண்ணு வந்தா எப்பவும்போல கோயிலுக்கு வரட்டும் என்றார். கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பேச்சை மாற்றுகிறார்கள்.

இனி உன் கேள்வி. இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை, பிடித்த மாதிரி நடிக்கவும் வராது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், படித்ததும் உழைத்ததும் நீ. வாசனை பிடித்தே பாதி வேலை முடிந்துவிடும், நாக்கில் வைப்பது குறைவு என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று உன்னிடம் சத்தியம் வாங்கச் சொல்கிறாள் அம்மா. நான் வாங்கமாட்டேன். வாங்கினால் ஒருநாள் எனக்காக நீ பொய் சொல்ல வேண்டிவரும், பொய்யும் நமக்கு விலக்குதான்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஜெயந்திக்கு டிக்கெட் போட மறக்காதே. கோயிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்காமல் நேராகச் சொல். நான் உன் பக்கத்தில்தான் நிற்பேன்.

இப்படிக்கு உன் நைனா,
அஜித்நாதன்