கதவுக்கு நான்கு விரற்கடை பின்னால்

உண்டன்யி, கென்யா
10 செப்டம்பர் 2006

பெருமதிப்பிற்குரிய சகோதரர் கோம்போ ஷேஹே அவர்களுக்கு,

மாலெம்பா ம்வாகியோ பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் ஜூலை மாதக் கடிதமும் அதனுள் இருந்த புகைப்படமும் கைக்கு வந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. இத்தனை தாமதமாகப் பதில் வரைவதற்குத் தங்கள் மன்னிப்பைக் கோருகிறேன். தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். வாயால் சொன்னதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை; எழுதிக் கையொப்பமிட்டதற்கு நான் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்றாலும் இந்த வழக்கத்தை விடுவதாக இல்லை.

புகைப்படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பின்ஸ்காவர்! பதினோரு ஆண்டுகளாகப் பத்திரிகைத் துண்டுகளாகவே நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்த அதே ஆறு சக்கர ராணுவ வண்டி, தாங்கள் வேலை செய்யும் ஆன்ட்வெர்ப் பழைய வண்டி முற்றத்தில் நிற்கிறது என்பதை நம்புவதற்கே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. என் தலைமை மெக்கானிக் கிஷாகா அதைப் பார்த்து, "என்னம்மா இது, ரொட்டிப் பெட்டிக்குச் சக்கரம் மொளைச்ச மாதிரி இருக்கு?" என்றான். "உன் தலைக்குள்ள இருக்கறதவிட அந்தப் பெட்டிக்குள்ள சரக்கு ஜாஸ்தி" என்றேன்.

எழுதத் தாமதமானதன் காரணம் வேறு. என் மகள் வவாசி மரெனி மேட்டில் வாழ்க்கைப்பட்டிருப்பது தாங்கள் அறிந்ததே. சென்ற ஆண்டு நெடுமழைக் காலத்தில் அவளுக்கு வலி கண்டபோது, மேட்டுச் சாலையின் சிவப்புக் களிமண்ணில் பிக்கப் வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. பிறகு கட்டிலில் கிடத்தி அவளைத் தூக்கி வந்தார்கள். மருத்துவமனையை அடைந்தபோது குழந்தை இறந்திருந்தது. இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்று மருமகன் சொல்லியனுப்பினார். ஏப்ரல் நடுவில் நாள் குறித்திருக்கிறார்கள். அதுவும் மழை உச்சத்தில் இருக்கும் காலம்.

அந்தச் சாலையில் மழையில் ஏறக்கூடிய வண்டி இம்மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. புகைப்படத்தில் உள்ள வண்டி ஏறும். எனக்கு அது வேண்டும், மார்ச் முடிவதற்குள் வேண்டும். இதைவிடப் பெரிய கோரிக்கையை நான் யாரிடமும் வைத்ததில்லை.

தங்கள் உண்மையுள்ள,
மாலெம்பா ம்வாகியோ


ஆன்ட்வெர்ப்
1 அக்டோபர் 2006

மதிப்புக்குரிய ஃபுண்டி அம்மாவுக்கு,

கோம்போவின் சலாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு முறை செய்திக்காக, ஒரு முறை அந்தச் சொற்களுக்காக. நம்மூரில் மெக்கானிக்கை ஃபுண்டி என்று மதித்து அழைப்பதுபோல, இங்கே என்னை "அவர்களுக்கு" என்று அழைப்பவர் யாரும் இல்லை. "ஏய், கட்டர் எடுத்துட்டு வா" என்பதுதான் என் பெயர்.

முதலாளியிடம் பேசிவிட்டேன். ராணுவ ஏலத்தில் மூன்று வாங்கினார், இரண்டு போய்விட்டன. மிச்சமிருப்பது உங்களுக்குத்தான். சிக்கல் வேறு இடத்தில். எட்டு வயதைத் தாண்டிய வண்டியை மொம்பாசாவில் முழுதாக இறக்க விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இதற்கு முப்பது வயது. வழக்கம்போல இரண்டாக வெட்டி உதிரிப்பாகமென்று அனுப்புவதுதான் ஒரே வழி. எங்கே வெட்டவேண்டுமென்று எழுதுங்கள்.

என்னோடு வேலை செய்யும் கானாக்காரன் க்வாபெனா நான் அந்த வண்டியைத் துடைப்பதைப் பார்த்துச் சிரிக்கிறான். "டேய், வெட்டப் போற ஆட்டைக் குளிப்பாட்டறியா?" என்கிறான். என்னால் துடைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மழைக்கு முன்பே மகளைக் கீழே உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாமே? அதற்கு வண்டியே வேண்டாமே.

உங்கள்,
கோம்போ


உண்டன்யி
26 அக்டோபர் 2006

பெருமதிப்பிற்குரிய சகோதரர் அவர்களுக்கு,

தாங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்குத்தான் நாணமாக இருக்கிறது.

சென்ற முறை பள்ளத்தில் சாய்ந்தது என் பிக்கப். ஓட்டியவள் நான். மேட்டுப் பெண்கள் எல்லோரும், "மழை விடட்டும், இல்லேன்னா கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டுப் போலாம்" என்றார்கள். "என் வண்டி ஏறாத ரோடு இந்த மலையில கெடையாது" என்றேன். பள்ளத்தில் கிடந்த வண்டியைச் சங்கிலி போட்டு வெளியே இழுக்கப் பார்த்தே இரண்டு மணி நேரத்தை வீணாக்கினேன். அந்த இரண்டு மணி நேரம் என்னவாக ஆனது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

வவாசி அதன்பின் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒரே ஒருமுறை சந்தையில் எதிரே வந்தாள். "உன் வண்டியும் வேணாம், நீயும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சுற்றிலும் தக்காளிக்காரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே அவளாகக் கீழே வரமாட்டாள். நான்தான் மேலே போய்ச் சேரவேண்டும், எந்த மழையிலும். இதற்காக என் பட்டறையின் சாலையோரப் பாதியை விற்றுவிட்டேன்.

இனி வெட்டும் இடம். இரண்டாக வந்த பத்தொன்பது வண்டிகளை என் கையால் சேர்த்து ஓடவிட்டிருக்கிறேன். ஓட்டுநர் கதவுக்கு நான்கு விரற்கடை பின்னால் நேர்க்கோடு போட்டு மேலிருந்து கீழ்வரை வெட்டவும். எண் பலகை பற்றிக் கவலை வேண்டாம்; மேட்டுச் சாலையில் அதைக் கேட்பார் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
மாலெம்பா ம்வாகியோ


ஆன்ட்வெர்ப்
14 நவம்பர் 2006

மதிப்புக்குரிய ஃபுண்டி அம்மாவுக்கு,

கட்டரை எடுத்து வைத்துவிட்டு, வெட்டாமல் இதை எழுதுகிறேன்.

நேற்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். நாம் வெட்டுகிற பிக்கப்புகளில் இருப்பதுபோல இரண்டு நீளச் சட்டங்கள் இதற்கு இல்லை. நடுவில் என் தொடைப் பருமனுக்கு ஒரே ஒரு குழாய், முதுகெலும்பு மாதிரி முன்னிருந்து பின்வரை ஓடுகிறது. தட்டிப் பார்த்தால் வெற்றுக் குழாயின் சத்தம் வரவில்லை. சக்கரங்களைச் சுழற்றும் தண்டு இதற்குள்தான் ஓடுகிறது என்று நினைக்கிறேன். உங்கள் கோடு நேராக அதன்மேல் விழுகிறது.

ஆனால் கியர்பெட்டியோடு குழாய் சேருமிடத்தில் வட்டமாகப் போல்ட்டுகள் இருக்கின்றன. துருப்பிடித்துப்போயிருக்கின்றன, எண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் கழற்றலாம். தகரத்தை மட்டும் வெட்டி, குழாயைக் கழற்றி அனுப்பட்டுமா? அப்படிச் செய்தால் டிசம்பர் கப்பலைப் பிடிக்க முடியாது. ஜனவரிக் கப்பல்தான்.

"அந்தம்மா சொன்னபடி வெட்டிட்டுப் போடா, உனக்கென்ன" என்கிறான் க்வாபெனா. எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள்,
கோம்போ


உண்டன்யி
4 டிசம்பர் 2006

பெருமதிப்பிற்குரிய சகோதரர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் என்னைத் திகைக்க வைத்தது. வண்டியை வெட்டியிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் உறையைப் பிரித்தேன். உள்ளே கேள்விகள் இருந்தன.

அந்த வண்டி குழாய் முதுகு கொண்டது என்பது எனக்குத் தெரியாததல்ல. தாங்கள் பிறர் சொல்லக் கேட்டுத் தொழில் கற்ற காலத்திலேயே நான் கையேடுகளை எழுத்துக்கூட்டிப் படித்து எஞ்சினைப் பிரித்தவள். குழாயும் இரும்புதான். இரும்பை இரும்போடு சேர்ப்பது என் வேலை. மேலும், சும்மா கழற்றிய வண்டியை "இது முழு வண்டி" என்று துறைமுகத்தில் திருப்பியனுப்பியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சுங்கத்தார் வெட்டைப் பார்க்கவேண்டும்.

ஜனவரிக் கப்பலுக்கு நான் காத்திருக்க மாட்டேன். வானம் எனக்காகக் காத்திருக்காது. கோடு போட்ட இடத்தில் வெட்டுங்கள். தங்களிடம் நான் கேட்டது ஆலோசனை அல்ல, வெட்டு.

இங்ஙனம்,
மாலெம்பா ம்வாகியோ


ஆன்ட்வெர்ப்
21 டிசம்பர் 2006

ஃபுண்டி அம்மாவுக்கு,

சொன்ன இடத்தில் வெட்டினேன். கப்பல் நேற்றுப் புறப்பட்டது. காகிதங்கள் இதனுடன்.

குழாய்க்குள் தண்டு இருந்தது. வெட்டும்போது எண்ணெய் என் சட்டையெல்லாம் ஆனது. க்வாபெனாகூட அன்று கேலி செய்யாமல் துடைக்கத் துணி கொடுத்தான்.

வவாசிக்காக வேண்டிக்கொள்கிறேன்.

கோம்போ


உண்டன்யி
1 மார்ச் 2007

பெருமதிப்பிற்குரிய சகோதரர் அவர்களுக்கு,

இது நான் இந்த ஆண்டில் எழுதும் மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை.

கண்டெய்னர் நான்கு வாரங்களாக மொம்பாசாத் துறைமுகத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு திங்களன்றும் பேருந்தேறிப் போகிறேன். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருப்பவர், "அம்மா, நாளைக்கு வாங்க" என்கிறார். அவருடைய நாளை எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் தரும்படி கேட்டேன். சிரித்தார். டிசம்பர்க் கப்பலுக்காக அவ்வளவு அவசரப்பட்டேனே என்று திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வருகிறேன்.

மலைகளுக்குப் பின்னால் மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. வவாசிக்கு எட்டாம் மாதம். கால்கள் வீங்கியிருப்பதாக மருமகன் சொல்கிறார். அந்தத் தண்டை எப்படிச் சேர்ப்பது என்று தங்கள் முற்றத்தில் யாருக்காவது தெரிந்தால் கேட்டு எழுதவும். நான் படித்த எதிலும் அது இல்லை.

மாலெம்பா ம்வாகியோ


உண்டன்யி
26 மார்ச் 2007

அன்பு மிகுந்த சகோதரர் கோம்போ அவர்களுக்கு,

கண்டெய்னர் மார்ச் ஒன்பதாம் தேதி பட்டறைக்கு வந்து சேர்ந்தது. கதவைத் திறந்தபோது ஊரில் பாதி நின்று பார்த்தது. முன்பாதியை இறக்கி, பின்பாதியை இறக்கி, இரண்டையும் எதிரெதிராக வைத்தோம். கிஷாகா குனிந்து குழாய்க்குள் கையை விட்டான். "அம்மா, இந்தத் தண்டு ரெண்டா அறுந்து கெடக்கே. இத எங்கேருந்து புடிக்கறது?" என்றான். "வெல்டிங் மெஷின எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னேன்.

ஆறு நாட்கள் உழைத்தோம். குழாயின்மேல் பட்டை போட்டுப் பற்றவைத்தோம். தண்டுக்கு லாரித் தண்டொன்றைக் கடைந்து இணைப்புக் கொடுத்தோம். கண்ணுக்கு எல்லாம் நேராகத்தான் இருந்தது. ஏழாம் நாள் எஞ்சினை எழுப்பினேன். முதல் முயற்சியிலேயே எழுந்தது. அந்தச் சத்தத்தைத் தாங்கள் கேட்டிருக்கவேண்டும். கியர் போட்டு ஒரு கஜம் நகர்ந்ததும் வண்டியின் அடிவயிற்றில் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் தண்டு குழாயை உள்ளிருந்து அடித்தது. அதன்பின் பல்சக்கரங்களின் பற்கள் உடையும் ஓசை. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். கழற்றிப் பார்த்தோம். தலைமுடி அளவு கோணல், அவ்வளவுதான். அந்தக் குழாய் மனிதக் கையால் சேர்க்க விதிக்கப்பட்டதல்ல. போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால் ஒரு மாலையில் பூட்டியிருக்கலாம். தாங்கள் சொன்னது அதைத்தான்.

கிஷாகா, "இன்னொரு தடவ பிரிச்சுப் பாக்கலாம்மா" என்றான். நான் ஒப்புக்கொள்ளும் நிலையில்தான் இருந்தேன். சங்கிலி போட்டு இழுத்த அந்த இரண்டு மணி நேரம் அப்போது நினைவுக்கு வந்தது. கருவிகளைக் கீழே வைத்தேன். அடுத்த நாள் விடியலில் மரெனி மேட்டுக்கு நடந்தேன். ஐந்து மணி நேரம். அந்தச் சாலையில் நான் கால்நடையாக ஏறியது இருபது ஆண்டுகளில் அதுவே முதல்முறை.

வவாசி வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தாள்.

"நடந்தா வந்தே?"

"நடந்துதான் வந்தேன்."

"உன் மருமகன்கிட்ட என்னமோ பெரிய வண்டி வருதுன்னு சொல்லியனுப்பினியே?"

"கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன். வெட்டாதீங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, கேக்கல. போன தடவையும் எல்லாரும் வேணாம்னாங்க, கேக்கல. உன் புள்ள விஷயத்துல தப்பு என்னோடதுதான் வவாசி."

அவள் உரித்த அவரையைப் பாத்திரத்தில் கொட்டினாள். பிறகு, "காலையில ஏதாவது சாப்ட்டியா?" என்றாள். உள்ளே போய் மரவள்ளியும் அவரையும் மசித்துக் கிமாங்கா செய்து கொண்டுவந்து வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். அன்று முழுவதும் நாங்கள் பேசிய சொற்களை ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடலாம்.

மறுநாள் காலை, துணி மூட்டையோடு வாசலில் நின்றாள். "மெதுவா நட. உன் வேகத்துக்கெல்லாம் என்னால வர முடியாது" என்றாள். மருமகன் மூட்டையைத் தூக்கிக்கொண்டார். வழியில் ஒன்பது இடங்களில் உட்கார்ந்தோம். சாயங்காலம் கீழே வந்து சேர்ந்தோம். அதற்கடுத்த நாள் மழை தொடங்கியது. இன்றுவரை நிற்கவில்லை. மேட்டுச் சாலை இரண்டு இடங்களில் பிளந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

அவள் இப்போது பட்டறையின் பின்னறையில் தூங்குகிறாள். மருத்துவமனை இங்கிருந்து நடக்கும் தூரம். அவளுக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பதாக நேற்று அங்கே செவிலி சொன்னார். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்தக் கையேட்டிலும் அதை நான் படித்ததில்லை.

நான் எழுதும் கடிதங்களுக்கெல்லாம் நகல் வைத்துக்கொள்வேன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். டிசம்பர் நான்காம் தேதிக் கடிதத்தின் நகலை நேற்று எடுத்துப் படித்தேன். பதினோரு ஆண்டு நண்பருக்கு ஒருவர் எழுதும் கடிதமல்ல அது. அடியில் இருப்பது என் கையொப்பம். தாங்கள் செய்தது அந்தக் கையொப்பத்துக்குக் கீழ்ப்படிந்தது மட்டுமே. அந்த எண்ணெய் தங்கள் சட்டையில் இன்னும் இருப்பதாகத் தாங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதைக் கழுவிவிடுங்கள்.

வண்டி வேண்டாம். தண்டு வேண்டாம். இருக்கிறீர்களா என்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும்.

உடனே பதில் எழுதுங்கள்.

மாலெம்பா