அப்பாவின் ரத்த அழுத்தமும் அம்மன் கொடையும்

அன்பு மகள் உமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும், மாத்திரை தயவில் உன் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். தென்காசியில் சாரல் விட்டபாடில்லை, துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில் கிடக்கிறது. அதெல்லாம் சின்னச் செய்தி. பெரிய செய்தி, உன் அப்பா ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நம் தெரு முத்தாரம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வெளியே நின்று நம் செருப்புக்குக் காவல் இருந்த மனிதர். தெருவே பார்த்தது.

எல்லாம் நீ அனுப்பிய கட்டுரையால் வந்தது. சாமி கும்பிடுகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைகிறது, ஆயுள் கூடுகிறது என்று ஏதோ வெளிநாட்டு ஆராய்ச்சி என்றாயே. இங்கே கண் டாக்டர், அழுத்தம் இறங்காமல் புரை ஆபரேஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார். பார்வை தெளியாமல் விமானம் ஏறமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்கள். உன் பிரசவத்துக்காகப் புரட்டாசியில் இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். சாமியை நம்பவில்லை, ஆராய்ச்சியை நம்புகிறேன் என்று சொல்லித்தான் உள்ளே போனார்கள். சாப்பாட்டுக்கு முன்பு கும்பிட வேண்டுமா, பின்பா என்று டாக்டரிடமே கேட்டார்கள். நான் ஐம்பது வருஷமாகக் கும்பிடுகிறேன், முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. என்னை அந்த ஆராய்ச்சியில் சேர்க்காதது ஆராய்ச்சிக்காரர்களுக்கு நல்லது.

ஆனால் ஒரே மாதத்தில் அழுத்தம் இறங்கியது உண்மை. அம்மன் என்றேன் நான், மாத்திரை என்றார் டாக்டர், ஆராய்ச்சி என்றார்கள் அப்பா. கோயிலில் சேர்ந்த கூட்டாளிகளோடு விடியுமுன் குற்றாலத்துப் பழைய அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், சிரிக்கக்கூடச் செய்தார்கள். அப்பா கோயிலில் இருக்கும் ஒரு மணி நேரம் வீட்டில் டிவி விவாதம் ஓடவில்லை, எனக்கும் அழுத்தம் குறைந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆவணிக் கொடைத் திருவிழாவுக்குக் கோயில்காரர்கள் கமிட்டித் தலைவர் தேடினார்கள். சாமி பக்கமே சாயாதவர், வேறு எந்தப் பக்கமும் சாயமாட்டார் என்று அப்பாவைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். மொபைல் கடை பாண்டியராஜ் யாரையும் கேட்காமல் கேரள எல்லையில் புளியறைக்குப் போய் மலையாளத்துச் செண்டை மேளத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தான். கூட்டத்தில் நானும் இருந்தேன். அப்பா எழுந்து நின்று, "ஏலே, நம்ம அம்மனுக்குச் செண்டை ஆகாதுலே. நையாண்டி மேளம் கேக்கலன்னா அவ மனசு சங்கடப்படும்" என்றார்கள். அதற்கு அவன், "அண்ணாச்சி, இவ்வளவு நாளா அம்மனே கெடையாதுன்னு சொன்னிய. இப்ப அவ மனசுல இருக்கது ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?" என்று கேட்டுவிட்டான். கேள்வி நியாயமானதுதான். அப்பா அதற்கு முக்கால் மணி நேரம் பதில் சொன்னார்கள். நடுவில் இரண்டு முறை தண்ணீர் கொடுத்தோம். கடைசியில் இரண்டு மேளமும் வரட்டும் என்று முடிவானது.

மறுநாள் ஆபரேஷனுக்குப் போனால், டாக்டர் இரண்டு தடவை அழுத்தம் பார்த்துவிட்டு வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டார். இல்லை, கொடை என்றேன். ஆபரேஷனை ஐப்பசிக்குத் தள்ளிவிட்டார். கொடை முடியும்வரை கோயிலுக்குள் போகக் கூடாதாம். அப்பா வாசலில் நின்று மறுபடி செருப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கிருந்தபடியே பந்தல்காரனுக்கு யோசனை சொல்லுகிறார்கள்.

நீ இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, இரவில் குனிந்து போனைப் பார்க்காதே. இந்த மாதிரிக் கட்டுரைகளை இனி எனக்கு முதலில் அனுப்பு. முத்தாரம்மன் துணையிருந்து சுகப்பிரசவம் ஆகட்டும், நீங்கள் நீண்ட ஆயுளோடு இருங்கள்.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா சொக்கம்மாள்

பி.கு. விமான நிலையத்துக்குப் பெரிய வண்டி வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். அப்பாவின் டிக்கெட்டை நேற்று ரத்து செய்துவிட்டோம்.