தும்மலில் பறந்த கல்

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி? மழுப்பாமல் எழுது.

பாறையைப் பொடித்து, அதிலுள்ள குட்டிப் படிகங்களைப் பொறுக்கி, யுரேனியம் எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று அளந்தால் பாறையின் வயது தெரியும். மூன்று வாரம் பொறுக்கியதை நேற்று ஒரே தும்மலில் பறக்கவிட்டேன். வெறும் ஜலதோஷம்தான்.

"ஏம்பா, கைக்குட்டைன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கியா?" என்றார் ஆய்வகத் தலைவர்.

அளக்கும் இயந்திரத்தில் என் முறை இன்று காலை. தவறினால் ஆறு மாதம் தள்ளிப்போகும், ஊருக்கு வரும் விடுமுறையும்தான்.

நீ தைத்த சட்டையின் கைமடிப்பில் நான்கு படிகங்கள் சிக்கியிருந்தன. அளந்துவிட்டேன். வயது இருநூற்றைம்பது கோடி வருடம். அந்தக் கல்லின் பொறுமை எனக்கில்லை. விடுமுறைக்கு இன்னும் முழுதாக இரண்டு மாதம் இருக்கிறது.

அதுவரைக்கும் உன் பழைய சேலையில் நாலு கைக்குட்டை வெட்டி அனுப்பு. துவைக்க வேண்டாம்.

அவசரமாக,
உன் மகன்