வக்கோல்டர் ஆணா பெண்ணா

ஒக்டோபர், சனி இரவு, டோர்ட்மண்ட்

தோட்டத்து மரம் பற்றி நான் முடிவு செய்தவை:
1. ஊசியிலையில் ஒற்றை வெள்ளைக்கோடு இருக்கிறது. ஆகவே இது வக்கோல்டர், அதாவது இறைச்சிக்கு வாசனைக்காகக் காய் போடும் ஜூனிப்பர்; அதன் நஞ்சுள்ள உறவுமரம் அல்ல.
2. பனியைத் தாங்கும், கறிவேப்பிலையைப் போல வீட்டுக்குள் தூக்கத் தேவையில்லை.
3. ஆண் மரம், காய்க்காது.

மூன்றாவதைக் கேட்டதும் மனைவி, இறைச்சிக்கறிக்குக் காய் தராத மரத்தைப் பிடுங்கிவிட்டு லீக்ஸ் மரக்கறி நடச் சொன்னாள். மறுத்துப் பேச எனக்குத் துணிவில்லை. இன்று பாதி தோண்டிக் களைத்துக் குனிந்தபோது, அடிக்கிளையில் பச்சைக் காய்கள் தெரிந்தன.

"இஞ்சேர், மரம் காய்ச்சிருக்கு!"

அவள் ஓடிவந்து பார்த்தாள். "ஐயோ, இவ்வளவு காலமும் தம்பி எண்டெல்லோ கூப்பிட்டனான்! விடுங்கோ, பிடுங்காதேங்கோ. பழுத்தாப் பிறகு கறிக்குப் போடுவம்."

மண்ணைத் திரும்ப மூடினேன். மூன்றாவது பிழை. முதலாவதை நாளை இன்னொருமுறை பார்க்க வேண்டும். அவளுடைய கறியை முதலில் ருசி பார்ப்பவன் நான்.