மஞ்சள் தொப்பியில் ஒன்பது வரிசை

மக்கா,

உன் துணிப்பை இப்போது என் ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் சீட்டைத் தூக்கும்போதெல்லாம் தைல வாசனை வருகிறது. இன்று காலை ஏறிய ஒரு அக்கா, "டிரைவருக்குத் தலைவலியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது செத்துப்போன ஒருவனின் தைலம் என்று வண்டியில் ஏறுகிறவர்களிடம் எப்படிச் சொல்வது?

நீ போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் வீட்டில் பந்தல் போட ஆள் பிடித்தது நான். நாற்காலி இறக்கியது, வந்தவர்களுக்குக் கட்டன்சாயா கொடுத்தது எல்லாம் நான்தான். பதினாறாம் நாள் அடியந்திரம் முடிகிற வரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உன்மேல் கோபமாவது வரட்டும் என்று பார்த்தேன், அதுவும் அரைகுறையாகத்தான் வந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்தேன்.

நீ கல்ஃபிலிருந்து திரும்பி வந்து, ஆட்டோ வாங்கி, ஆசுபத்திரி வாசலுக்கு எதிரே இருக்கிற நம் ஸ்டாண்டில் சேர்ந்தது ஒரு மழைக்காலம். ஏழு வண்டி நிற்கிற இடம். ஓடுகிற நேரத்தைவிடக் காத்துக் கிடக்கிற நேரம்தான் நம் பிழைப்பில் அதிகம். மற்றவர்கள் ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருக்க, நீ பையிலிருந்து இரண்டு நீள ஊசியையும் ஒரு உருண்டை உல்லன் நூலையும் எடுத்தாய். கல்ஃபில் உன் அறையில் தங்கியிருந்த இமாச்சல்காரன் கற்றுத்தந்தது என்றாய். கமுகுச் சிராயைச் சீவி, கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கி நீயே செய்த ஊசிகள். செல்லத்துரை தன் வண்டியை விட்டு இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்து உன்னை மேலும் கீழும் பார்த்தான்.

"லேய், நாளைக்கு வரும்போ உனக்கு வளையலும் பொட்டும் வாங்கிட்டு வரட்டா?"

நீ தலையைத் தூக்கவே இல்லை. "பச்சை வளையலா வாங்கு மக்கா. உனக்க பெண்டாட்டிக்குப் போட்டு மிச்சம் இருந்தா எனக்குத் தா."

ஸ்டாண்டே சிரித்தது. செல்லத்துரையும் சிரித்தான்.

அன்று சாயங்காலம் பிள்ளை பெற்று வீட்டுக்குப் போகிற ஒரு பெண் உன் வண்டியில் ஏறினாள். நல்ல சாரல். நம் வண்டியில் இரண்டு பக்கமும் காற்றுதானே. மூன்று நாள் பிள்ளையின் தலையை அவள் முந்தானையால் மூட, அது நழுவ, மறுபடி மூட என்று பாடாய்ப் பட்டாள். நீ முந்தின நாள் வீட்டில் முடித்து வைத்திருந்த தொப்பியை எடுத்துக் கொடுத்தாய். அவள் அதைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டுச் சிரித்ததை எல்லாரும்தான் பார்த்தோம். மறுநாள் வின்சென்ட் முதலில் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தான். கடற்கரைக்காரன். "எங்க ஊர்ல வலை பின்னியது முழுக்க ஆம்பளையளுதான். இதுல என்ன நாணக்கேடு?" என்றான். அடுத்தது நான். கடைசியாக வந்த செல்லத்துரைதான் நூலின் நிறம் பற்றி அதிகம் சண்டை போட்டவன். ஒரு வருஷத்துக்குள் நம் ஸ்டாண்டிலிருந்து எந்தப் பச்சைப்பிள்ளை வீட்டுக்குப் போனாலும் தலையில் ஒரு தொப்பியோடுதான் போயிற்று.

ஒரு வழக்கமும் உண்டாயிற்று. வரிசையைப் பாதியில் விட்டால் ஊசியிலிருந்து கண்ணி நழுவும். சவாரி வந்தால் உட்கார்ந்து முடிக்கவும் முடியாது. அதனால் முறை வந்தவன் ஊசியோடு பின்னலை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுப் போவான். அடுத்தவன் அந்த வரிசையை முடித்து, பையில் போட்டு, ஸ்டாண்டு போர்டின் கம்பியில் மாட்டிவிட வேண்டும். அதற்கு மட்டும்தான் ஒருவன் பையை இன்னொருவன் தொடலாம். இப்படி எல்லாத் தொப்பியிலும் எல்லார் கையும் இருக்கும். என் கை தனியாகத் தெரியும். நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது எனக்குப் பழகிப்போன தப்பு, என் கண்ணிகள் கழுத்து முறுக்கியபடி சாய்ந்து நிற்கும். திருத்தச் சொல்லிக் கேட்டபோது நீ, "இருக்கட்டும்டே, அது உனக்க கையெழுத்து" என்றாய்.

நீ இன்னொன்றும் செய்வாய். அடுத்தவன் பின்னலை வாங்கியதும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பாய். மனசில் எதையாவது வைத்துக்கொண்டு பின்னினால் கை இறுகும், கண்ணியும் இறுகும் என்பாய். கடலுக்குப் போன தம்பி சொன்ன நாளில் திரும்பாததை வின்சென்ட் வாயைத் திறப்பதற்கு முன்பே நீ கண்டுபிடித்தாய். என் வீட்டுக்காரியின் ஸ்கேன் ரிப்போர்ட் வருகிற அன்று, என் பின்னலைத் தடவிவிட்டு, "என்ன மக்கா?" என்றாய். ஒன்றுமில்லை என்றேன். உன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டு என் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். நான் சொல்லி முடிக்கிற வரை இறங்கவில்லை. எங்களில் யாருக்கும் இப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. தடவிப் பார்ப்பது உன் வேலை என்று விட்டுவிட்டோம்.

உன் கடைசி நாள் காலையில் உன் முறை முதலில் வந்தது. நாகர்கோவிலுக்குப் போக ஒரு அக்கா. நீ மஞ்சள் தொப்பியை என் கையில் கொடுத்தாய். உன் மகள் சுபாவுக்கு ஏழாம் மாதம், அவளுடைய முதல் பிள்ளைக்கு நீ தொடங்கிய தொப்பி. நான் ஊசியை விட்டுப் பார்த்தேன், இறங்கவில்லை.

"என்ன எளவுடே இது! கம்பி போட்டுக் கட்டின மாதிரி இறுக்கி வெச்சிருக்க?" என்று கத்தினேன். கோபத்தில் அல்ல, மற்றவர்களைச் சிரிக்க வைக்கத்தான் கத்தினேன்.

நீயும் சிரித்தாய். இடது கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "நேத்துத் தின்ன மரச்சீனி வாயுவாயி நெஞ்சிலேயே நிக்கு. கேஸ்தான். நீ முடிச்சு வை, வந்து பாக்கேன்" என்றாய். தைலம் மணத்தது. வந்த பிறகு கேட்கலாம் என்று நினைத்தேன். நினைத்தேனா, இல்லை இப்போதுதான் அப்படி நினைக்கிறேனா, தெரியவில்லை.

வில்லுக்குறி தாண்டி ரோட்டோரமாக வண்டியை ஒதுக்கி, இஞ்சினை அணைத்து, "ஒரு நிமிஷம் இருங்க அக்கா" என்று சொல்லிவிட்டு நீ ஹேண்டில்மேல் தலையைச் சாய்த்தாயாம். அந்த அக்கா உன் வீட்டுக்கே வந்து சொல்லி அழுதார். அவர் அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் பை கம்பியிலேயே தொங்கியது. யாரும் தொடவில்லை. மழை வந்தபோது செல்லத்துரை அதன்மேல் ஒரு பாலித்தீன் கவரைச் சுற்றிக் கட்டினான். நான் வேறு தொப்பிகள் பின்னினேன். அவ்வளவு சீராக வாழ்நாளில் பின்னியதில்லை. இறுக்கமும் கிடையாது, தளர்வும் கிடையாது. வின்சென்ட் வாங்கிப் பார்த்து, "மிஷின்ல போட்ட மாதிரி இருக்குடே" என்று மெச்சினான். நீ தடவிப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன்.

போன வாரம் சுபாவுக்குப் பெண் பிறந்தது. எதிரே இருக்கிற அதே ஆசுபத்திரியில்தான். சேதி வந்ததும் செல்லத்துரை நேராகப் போய்ப் பையை அவிழ்த்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டான்.

"அவனுக்க பேத்தி அவன் போட்ட தொப்பியிலதான் வீட்டுக்குப் போணும். கடைசியா முடிச்சது நீ. மிச்சத்தையும் நீயே முடி."

திறந்தேன். இரண்டு மாதம் மூடிக் கிடந்த தைலம் முகத்தில் அடித்தது. தொப்பி பாதிக்கு மேல் வந்திருந்தது. கீழே உன் வழக்கமான தளர்ந்த, மெத்தென்ற பின்னல். அதற்குமேல் கோடு போட்டுப் பிரித்த மாதிரி இறுக்கம். இறுகிய வரிசைகளை எண்ணினேன், ஒன்பது. சவாரிக்கு நடுவே நீ ஒரு நாளைக்கு மூன்று வரிசை போடுவாய். அப்படியானால் மூன்று நாள் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறாய்.

அதையாவது தாங்கலாம். வரிசைகளின் ஓரத்தைப் பார்த்தேன் மக்கா. கடைசி வரிசையின் ஓரத்தில் என் கழுத்து முறுக்கிய கண்ணிகள் நின்றன. அது தெரிந்ததுதான். ஆறாவதிலும் நின்றன. மூன்றாவதிலும் நின்றன. அன்று ஒரு தடவைதான் கேட்கத் தவறினேன் என்று இரண்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாளும் நீ என் கையில்தான் கொடுத்திருக்கிறாய். மூன்று நாளும் நான் ஊசியை முட்டி முட்டி இறக்கி, பையில் போட்டு, கம்பியில் மாட்டியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் ஆசுபத்திரிக்கு வழி காட்டுகிறவர்கள் நாம். எதிரே நடந்தால் ஐம்பது அடி இருக்காது.

வின்சென்ட் எட்டிப் பார்த்து, "இந்த இறுக்கம் பிள்ளைக்க தலைக்கு ஆவாது, அதைப் பிரிச்சுப் போட்டுரு" என்றான். பிரித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனாலேயே என்னால் பிரிக்க முடியவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். சுபா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வரிசையையும் காட்டி, என் கண்ணிகளையும் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் பஸ் நேரம் சொல்கிற மாதிரி இருந்தது. அவள் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன்.

அவள் கட்டைவிரலால் தொப்பியைத் தடவினாள். உன்னைப் போலவே தடவினாள்.

"என்கிட்டயும் கேஸுன்னுதான் அப்பா சொன்னாவ மாமா. மூணு நாளும் தைலம் தேச்சு விட்டது நான்தான்." பிள்ளையின் உச்சந்தலையில் கை வைத்தாள். "இதைப் பிரிச்சிருங்க. பிள்ளைக்கு வலிக்கும்."

மறுநாள் ஸ்டாண்டில் உட்கார்ந்து பிரித்தேன். ஒன்பது வரிசையும் சரசரவென்று வந்துவிட்டன. பிரித்த நூல் நேராக நிற்காது என்று உனக்குத் தெரியும். சுருண்டு சுருண்டு மடியில் கிடந்தது. அதே நூலை வைத்துத் திரும்பவும் பின்னினேன். நான்காவது வரிசையின் நடுவில் எனக்குச் சவாரி வந்தது. செல்லத்துரையிடம் கொடுத்தேன். அவன் ஊசியை விட்டான். நின்றான். கட்டைவிரலால் தடவினான், அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"லேய், இறுகியிருக்கு. என்ன மக்கா?"

"ஒண்ணும் இல்ல. கேஸ்தான்" என்றேன். ஏன் அந்தச் சொல் வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

செல்லத்துரை பின்னலை ஊசியோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். என் சவாரியை வின்சென்ட் வண்டிக்கு மாற்றினான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தான். "ஒண்ணும் இல்லடே, விடு" என்று நான் சொல்லச் சொல்ல, "நீ பேசப்பிடாது. ஒருத்தன் பேசினதைக் கேட்டுதான் அவனைச் சுடுகாட்டுல கொண்டு போட்டோம்" என்று கத்தினான். வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஈசிஜி அறையில் சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்து, நெஞ்சில் குளிர்ந்த எதையோ தடவி ஒயர்களை ஒட்டினார்கள். தாளைப் பார்த்துவிட்டு அந்த நர்ஸ் பிள்ளை, "எல்லாம் நல்லாதானே இருக்கு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணா, வலிக்குதா?"

"ஆமா" என்றேன். கண்ணீர் காதோரமாகத் தலையணைக்கு ஓடிற்று. எங்கே என்று அவள் கேட்டாள், எனக்குக் காட்டத் தெரியவில்லை. செல்லத்துரை சுவர்ப் பக்கம் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, நான் பாதியில் விட்ட வரிசையை முடித்துக்கொண்டிருந்தான்.

மீதி வரிசைகள் தளர்வாகவே வந்தன. மறுநாள் உன் பேத்தி என் வண்டியில் மஞ்சள் தொப்பியோடு வீட்டுக்குப் போனாள். நடுவில் என் நான்கு வரிசை கொஞ்சம் இறுக்கம்தான், சுபா அதைக் காதுக்குமேல் மடித்துவிட்டாள். உன் வீட்டு முடுக்கில் திரும்பும்போது எப்போதும்போல ஹார்ன் அடித்தேன். யார் வருவார்கள் என்று அடித்தேனோ.

இன்று வின்சென்ட் சவாரி போகும்போது தன் பின்னலை என்னிடம் நீட்டினான். தடவிப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது, ஊசி தானாக இறங்கியது. ஒன்றும் இருக்காது என்று தெரியும். ஆனாலும் அவன் வண்டி நகர்வதற்கு முன்னால் அதன் கம்பியைப் பிடித்து நிறுத்தினேன்.

"மனசுல வல்லதும் உண்டா மக்கா?"

"ஒண்ணும் இல்லடே, கைய எடு. ஆளு உள்ள இருக்கு."

அவன் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தேன்.