வானம்பாடிப் பாட்டுக்குப் பெயர் வேண்டாம்

ஹார்ன்லி,
1816 ஜூன் 4

அன்பான ஜேபஸுக்கு,

டார்க்கஸ் எழுதுவது. நானும் நம் மகள் ரூத்தும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. உங்கள் போன கடிதம் முழுக்க நல்ல சேதிதானே. லண்டனில் உங்கள் கவிதைப் புத்தகம் அச்சாகிறது, வானம்பாடிப் பாட்டுத்தான் முதல் பக்கம், அடியில் உங்கள் பெயர். இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷம். இரண்டாம் முறை படித்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இதைத் தபாலில் போடவில்லை. கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்களாம். லண்டன் சந்தைக்கு மாடு ஓட்டிவரும் சைலஸ் கையில் கொடுத்திருக்கிறேன்.

வருடா வருடம் மே மாதம் பாதிரியார் முன்னால் போக, ஊர் எல்லையைச் சுற்றி நடப்போமே, இந்த வருடமும் நடந்தோம். பெலிங்ஹாம் துரை ஊர் மாடெல்லாம் மேய்ந்த மந்தைவெளியை வேலி போட்டு வளைத்துக்கொண்ட பிறகு இதுதான் முதல் நடை. எல்லைப் பாதையில் எது குறுக்கே நின்றாலும் அகற்றிவிட்டு நடப்பது நம் வழக்கம். இந்த முறை நின்றது வேலி. பாதிரியாருக்கு அன்று பார்த்து முழங்கால் வலி வந்துவிட்டது, திரும்பிப் போய்விட்டார். முதல் கம்பத்தைப் பிடுங்கியவன் என் தம்பி ஏமஸ்தான். அப்போது யாரோ உங்கள் பாட்டை எடுத்தார்கள். அதில் வேலியும் இல்லை, துரையும் இல்லை. புல்லுக்குள் கூட்டைத் தேடி வட்டமிடும் ஒரு பறவைதான். ஆனால் மேய்க்க இடமில்லாமல் மாட்டை விற்றுவிட்டு நிற்கிறவர்கள் பாடினால் அது வேறு மாதிரி கேட்கிறது, ஜேபஸ்.

ஏமஸ் இப்போது சிறையில் இருக்கிறான். ஜூலையில் விசாரணை. நடந்தது பழைய எல்லை நடைதான் என்றால் சில மாதத்தோடு போகும். திட்டம் போட்டுச் செய்த கலகம் என்றால் உலகத்தின் மறுகோடியில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதியாகக் கப்பலேற்றிவிடுவார்கள். மாஜிஸ்திரேட் பிடித்துக்கொண்டிருப்பது பாட்டைத்தான். கலகத்துக்கென்றே எவனோ புதிதாகக் கட்டியது என்கிறார்.

ஊரில் நாற்பது பேரை விசாரித்தார். யாரும் கூடிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. முதலில் போன விட்லோக் கிழவி சொன்னதையே எல்லோரும் சொன்னார்கள். "என்னைத் தொட்டில்ல போட்டு எங்கம்மா பாடினதே இதுதான் எசமான். எழுவது வருசமாச்சு." அவளுக்குக் காது அடைத்துப் பத்து வருடமாகிறது, நீங்கள் பாட்டை எழுதி இரண்டு வருடம். வேதப் புத்தகத்தில் கை வைத்துத்தான் சொன்னாள்.

என்னையும் கூப்பிட்டார்கள். உன் புருஷன் பாட்டுக் கட்டுவானாமே என்று கேட்டார். "அவர் கூரை வேயறவருங்க. எங்க வீட்டுக் கூரையே ஒழுகுது. அவருக்கு ஏதுங்க பாட்டு?" என்றேன். மாஜிஸ்திரேட் சிரித்துவிட்டார். நானும் கை வைத்துத்தான் சொன்னேன். அன்றிலிருந்து ஜெபம் செய்ய உட்கார்ந்தால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

இனி உங்கள் பெயரோடு அந்தப் பாட்டு வெளிவந்தால் நாற்பது பேரும் பொய்ச்சத்தியம் செய்தவர்கள். ஏமஸ் கப்பலில். அவன் மச்சான்தான் கட்டினான் என்று உங்களையும் விடமாட்டார்கள்.

அதை எடுத்துவிடுங்கள். புத்தகத்திலேயே நல்ல பாட்டு அதுதான், எனக்குத் தெரியும். வேலையைப் போட்டுவிட்டுப் புல்லில் படுத்துக் கிடக்கிறீர்களே என்று நான் திட்டத் திட்ட எழுதியதல்லவா? பெயருக்காக எத்தனை வருடம் ஏங்கினீர்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கேட்கவே வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று ரூத் பட்டாணி உரித்துக்கொண்டே அதைப் பாடினாள். யார் கட்டியது என்று கேட்டாள். "யாரும் இல்லடி, நாம பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்தது" என்றேன். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

கர்த்தர் உங்களுக்குத் துணையிருந்து, மனத்தைத் திடப்படுத்தட்டும்.

உங்கள்
டார்க்கஸ்

பி.கு. நீங்கள் எனக்கென்று எழுதித் தந்த பிரதியை இன்று காலை அடுப்பில் போட்டேன். போடுமுன் ஒரு தடவை படித்தேன். ஊர் பாடிப் பாடிக் கடைசி அடி மாறிவிட்டிருக்கிறது. பறவை கூட்டை விட்டுப் பறந்துபோவதாக நீங்கள் முடித்திருந்தீர்கள். இவர்கள் அது திரும்பி வருவதாகப் பாடுகிறார்கள். நானும் அப்படித்தான் பாடுகிறேன்.